பீடத்தின் கற்றல் தளம் தலைமையகத்துக்குப் போகிறது: எதைக் கொடுக்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

வாசகர் கேள்வி

வன்னியில் உள்ள பல்கலைக்கழகப் பீடமொன்றில் போதனாசிரியராகப் பணியாற்றுகிறேன். பல்கலைக்கழகத்தின் தலைமையகம் வேறு மாவட்டத்தில் இருக்கிறது. 2020 இல் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டபோது எங்கள் பீடம் தொடங்கிய மூடில் (Moodle) என்னும் இணையவழிக் கற்றல் தளத்தை அன்று முதல் நானே பார்த்து வருகிறேன். இப்போது எல்லாப் பீடங்களின் தளங்களையும் ஒன்றாக்கித் தலைமையகக் கணினி நிலையத்தின் கீழ்க் கொண்டுவரப் போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. தள நிர்வாகி அனுமதி அங்குள்ள இருவருக்கு மட்டுமே இருக்குமாம். குவிஸ் நடக்கும்போது ஒரு பிள்ளைக்கு இணைப்பு அறுந்தால் இப்போது உடனேயே சரிசெய்து கொடுக்கிறேன். இனி அதற்கும் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க வேண்டுமா? “மிஸ், ஏலாது எண்டு எழுதுங்கோ” என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள். நாங்கள் மறுக்க வேண்டுமா? ஒத்துக்கொள்வதானால் எவற்றைக் கேட்க வேண்டும்?

பதில்

அன்புடையீர்,

மறுக்க வேண்டாம். ஆனால் சுற்றறிக்கையை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். சேவையகம், பயனர் அடையாளம், பதிப்பு மேம்படுத்தல், முழுத் தளத்தின் காப்புப்பிரதி ஆகிய நான்கையும் தலைமையகத்திடம் முழுமையாக ஒப்படைத்துவிடுங்கள். பாடப்பக்கத்துக்குள் நடக்கும் எதையும் பீடத்துக்கு வெளியே போக விடாதீர்கள். இந்த இரண்டும் ஒரே தளத்துக்குள் முரண்பாடின்றி இருக்க முடியும். மூடில் மென்பொருள் அதற்கேற்பவே வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கடிதத்தையும் சுற்றறிக்கையையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்த வேறுபாட்டை இரு தரப்பும் இன்னும் பேசவில்லை என்றே தோன்றுகிறது.

முதலில், தலைமையகம் கேட்பதில் உள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். 2002 ஓகஸ்ட்டில் முதற்பதிப்பு வெளிவந்த நாள் முதல் மூடில் இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருள். அதனால்தான் பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு பழைய கணினியும் ஆர்வமுள்ள ஒருவரும் இருந்த இடத்தில் எல்லாம் ஒரு தளத்தைத் தொடங்க முடிந்தது. தொடங்குவதற்குச் செலவில்லை, பேணுவதற்குத்தான் செலவு. ஒவ்வொரு பதிப்புக்கும் பாதுகாப்புத் திருத்தங்கள் குறிப்பிட்ட காலத்துக்கே வெளியிடப்படும். சாதாரண பதிப்புகளுக்கு அது 18 மாதங்கள். நீண்டகால ஆதரவுப் பதிப்புகளான 4.1 க்கு 2025 டிசம்பர் வரை, 4.5 க்கு 2027 ஒக்டோபர் வரை. இந்தக் காலம் கடந்த பதிப்பில் ஓடும் தளத்தில் மாணவர்களின் புள்ளிகள், ஒப்படைகள், தொலைபேசி இலக்கங்கள் எல்லாம் பூட்டில்லாத அறையில் கிடப்பதாகவே கொள்ள வேண்டும். உங்கள் பீடத் தளம் எந்தப் பதிப்பில் இருக்கிறது, அதன் காப்புப்பிரதி வேறொரு கட்டடத்தில் இருக்கிறதா, நீங்கள் பிரசவ விடுமுறையிலோ மேற்படிப்புக்கோ போனால் கடவுச்சொற்கள் யாரிடம் இருக்கும் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். ஒரு பீடத்தின் முழுக் கற்றல் தளமும் ஒரு போதனாசிரியரின் தனிப்பட்ட உழைப்பில் தொங்கிக்கொண்டிருப்பது உங்களுக்குப் பெருமை தரலாம். பீடத்துக்கு அது ஆபத்து.

இனி, உங்கள் உண்மையான அச்சத்துக்கு வருகிறேன். தள நிர்வாகி அனுமதி போய்விட்டால் உங்கள் கைகள் கட்டப்பட்டுவிடும் என்று நினைக்கிறீர்கள். இந்தத் துறையில் இருப்பவர்களிடம் மிகப் பரவலாகக் காணும் தவறான எண்ணம் இது. நாளாந்தம் நீங்கள் செய்யும் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தள நிர்வாகி அனுமதி தேவையே இல்லை. முதல் நாள் முதல் அந்தக் கணக்கிலேயே உள்நுழைந்து பழகியதால், எல்லாவற்றுக்கும் அதுவே தேவை என்று தோன்றுகிறது.

நீங்கள் சொன்ன குவிஸ் விடயத்தையே எடுத்துக்கொள்வோம். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ வீட்டில் இருந்து எழுதும் ஒரு மாணவிக்கு இருபதாவது நிமிடத்தில் சிக்னல் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிலின் இயல்பமைப்பில், அவர் ஒரு விடையை மாற்றி ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் அது தானாகவே சேமிக்கப்படும். ஆகவே அதற்கு முன் எழுதியவை பெரும்பாலும் சேவையகத்தில் இருக்கும். அவர் திரும்பி வரும்போது இழந்தது நேரம் மட்டுமே. அந்த நேரத்தைக் கொடுக்க, குவிஸ் பக்கத்தில் உள்ள விதிவிலக்குகள் பகுதிக்குச் சென்று, அவருடைய பெயரைத் தெரிவுசெய்து, முடிவு நேரத்தையும் நேர எல்லையையும் அவருக்கு மட்டும் நீட்டிக் கொடுத்தால் போதும். இதற்கிடையில் குவிஸ் தானாகவே ஒப்படைக்கப்பட்டிருந்தால், அதே இடத்தில் அவருக்கு மட்டும் இன்னொரு முயற்சியை அனுமதிக்கலாம். நேரம் முடிந்தும் ஒப்படைக்கப்படாமல் மூடப்பட்ட முயற்சியாக இருந்தால், 4.2 பதிப்பு முதல் அதையே திரும்பத் திறக்கவும் முடியும். விதிவிலக்குக் கொடுக்கும் அனுமதி அந்தப் பாடத்தின் விரிவுரையாளரிடம் இயல்பாகவே இருக்கிறது. உங்களுக்குத் தொலைபேசி எடுப்பதற்குப் பதிலாக அவரே அதைச் செய்ய முடியும். செய்யத் தெரியாது என்பதே தடை. ஒரு மதிய வேளையைப் பயிற்சிக்கு ஒதுக்கினால் அது நீங்கிவிடும்.

அனுமதிகள் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பதை விளங்கிக்கொண்டால் கேட்க வேண்டியதும் தெளிவாகும். மூடிலில் ஒரு வகிபாகத்தை, அதாவது ஒருவர் எவற்றைச் செய்யலாம் என்ற அனுமதிகளின் தொகுதியை, முழுத் தளத்துக்கும் கொடுக்கலாம், பல பாடங்களைக் கொண்ட ஒரு பிரிவுக்கு மட்டும் கொடுக்கலாம், ஒரு பாடத்துக்கு மட்டும் கொடுக்கலாம், ஒரு தனிச் செயற்பாட்டுக்கு மட்டும்கூடக் கொடுக்கலாம். மேலே கொடுத்தது கீழுள்ள எல்லாவற்றுக்கும் இறங்கிச் செல்லும். உங்கள் பீடத்துக்கென ஒரு பிரிவை உருவாக்கி, அதன் கீழ்த் துறைகளை உபபிரிவுகளாக அமைத்து, அந்தப் பிரிவின் மட்டத்தில் உங்களுக்கு முகாமையாளர் வகிபாகத்தைத் தருமாறு கேளுங்கள். புதிய பாடப்பக்கங்களைத் திறப்பது, விரிவுரையாளர்களைச் சேர்ப்பது, பாடத்தை மறைப்பது, காப்புப்பிரதி எடுப்பது, மீட்பது, கடந்த ஆண்டின் பக்கத்தைப் புதிய அணிக்கு மாற்றியமைப்பது ஆகிய அனைத்தும் உங்கள் பீட எல்லைக்குள் உங்கள் கையில் இருக்கும். அடுத்த பீடத்தின் பாடப்பக்கங்களை உங்களால் தொட முடியாது. அவர்களாலும் உங்களுடையதைத் தொட முடியாது. தலைமையகத்தின் இருவரும் செருகுநிரல்கள் (தளத்தோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்கள்), தோற்றம், உள்நுழைவு முறை, சேவையகம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வார்கள்.

இரணைமடுக் குளத்தின் பெரிய துருசை (மதகை) ஒவ்வொரு கமக்காரரும் வந்து திறப்பதில்லை. அதற்கென்று நீர்ப்பாசனத் திணைக்களம் இருக்கிறது. ஆனால் எந்தத் திகதியில் திறப்பது என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர் அமைப்புகள் இருந்து பேசியே முடிவெடுக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தில் இப்போது இல்லாதது அந்தக் கூட்டம்தான்.

பிரிவு மட்ட முகாமையாளரால் செய்ய முடியாத ஒரு முக்கியமான வேலை உண்டு. அது கடவுச்சொல் மாற்றிக் கொடுப்பது. ஒருவரின் பயனர் கணக்கைத் திருத்தும் அனுமதி தள மட்டத்தில் மட்டுமே செயற்படும். பிரிவு மட்டத்தில் கொடுத்தாலும் பயனில்லை. அரையாண்டின் முதல் இரண்டு வாரங்களில் உங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்கு மேல் இதைப் பற்றியதாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. மாணவர்கள் பல்கலைக்கழக மின்னஞ்சல் கணக்கினாலேயே தளத்துக்குள் நுழைவதாக இருந்தால், கடவுச்சொல் மூடிலில் இருக்காது. அந்த மின்னஞ்சல் முறைமையில் உங்கள் பீட மாணவர்களின் கடவுச்சொல்லை மீளமைக்கும் பொறுப்பை வன்னியில் உள்ள ஒருவருக்குத் தர வேண்டும். மூடிலிலேயே கடவுச்சொல் இருப்பதானால், பயனரைத் திருத்தும் ஓர் அனுமதியை மட்டும் கொண்ட தனி வகிபாகம் ஒன்றை உருவாக்கித் தள மட்டத்தில் உங்களுக்குத் தரலாம். அவ்வாறு தந்தாலும் தள நிர்வாகிகளின் கணக்குகளை உங்களால் திருத்த முடியாது என்பதால், தலைமையகம் அஞ்ச வேண்டியதில்லை. இந்தக் கோரிக்கையை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். முதலாம் வருட மாணவன் ஒருவன் குவிஸ் தொடங்குவதற்குச் சற்று முன் தன் கணக்குக்குள் நுழைய முடியாமல் நிற்கும்போது, அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

தளங்களை ஒன்றாக்கும் வேலையில் மிகக் கடினமான பகுதி பயனர்பெயர். இரண்டு மூடில் தளங்களை அப்படியே இணைத்துவிடும் வசதி எதுவும் அந்த மென்பொருளில் இல்லை. பாடம் பாடமாகக் காப்புப்பிரதி எடுத்து, புதிய தளத்தில் மீட்க வேண்டும். புள்ளிகளோடும் ஒப்படைகளோடும் மீட்கும்போது, காப்புப்பிரதியில் உள்ள ஒவ்வொரு மாணவரும் புதிய தளத்தில் ஏற்கெனவே இருக்கிறாரா என்று மூடில் தேடும். பயனர்பெயர் ஒன்றாகவும் மின்னஞ்சல் வேறாகவும் இருந்தால், இவர் அவர்தானா என்று அதனால் தீர்மானிக்க முடியாமல், முரண்பாடு என்று சொல்லி மீட்பையே நிறுத்திவிடக்கூடும். பயனர்பெயரே வேறாக இருந்தால் இன்னும் மோசம். எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஒரே மாணவருக்கு இரண்டு கணக்குகள் உருவாகும்.

நம் பல்கலைக்கழகப் பதிவெண்களில் ஆண்டுக்கும் பீடக் குறியீட்டுக்கும் வரிசை எண்ணுக்கும் இடையில் சாய்கோடு வருகிறது. மூடிலின் இயல்பமைப்பில் பயனர்பெயரில் சாய்கோட்டுக்கு இடமில்லை. எழுத்துகளும் சிறியனவாகவே இருக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பீடமும் தனக்குத் தோன்றியபடி செய்திருக்கும். ஒன்று சாய்கோட்டை எடுத்துவிட்டிருக்கும், இன்னொன்று சிறுகோடு போட்டிருக்கும், மூன்றாவது அடிக்கோடு போட்டிருக்கும். உங்கள் பீடம் என்ன செய்தது என்று இன்றே பாருங்கள். பல்கலைக்கழகம் முழுவதற்கும் ஒரே பயனர்பெயர் முறையையும், எல்லோருக்கும் பல்கலைக்கழக மின்னஞ்சலையும் முதலில் தீர்மானித்து, பழைய தளங்களிலேயே அதற்கேற்பத் திருத்திய பிறகுதான் எந்தப் பாடத்தையும் நகர்த்தத் தொடங்க வேண்டும். பாடங்களின் சுருக்கப் பெயரும் முழுத் தளத்திலும் ஒன்றுக்கு ஒன்று வேறாக இருக்க வேண்டும். இரண்டு பீடங்களில் ஒரே பாடக் குறியீடு இருந்தால், முன்னால் பீடக் குறியீட்டைச் சேர்க்கும் விதியையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

மாணவரைப் பாடத்தில் சேர்க்கும் வேலை பதிவாளர் கிளையின் தரவுத்தளத்திலிருந்து தானாக நடக்குமாறு செய்ய முடிந்தால், மையப்படுத்தலால் உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய நன்மை அதுவாகத்தான் இருக்கும். வெளித் தரவுத்தளத்திலிருந்து சேர்க்கும் வசதி மூடிலோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் ஒரு பாடத்தைத் திரும்பவும் எழுதும் மூத்த அணி மாணவர்களும், வைத்தியக் காரணத்தால் பின்தங்கியவர்களும் அந்தப் பட்டியலில் பிந்தியே ஏறுவார்கள். அவர்களைக் கையால் சேர்க்கும் உரிமை உங்களிடமும் விரிவுரையாளரிடமும் இருக்க வேண்டும். தானியங்கி முறை மட்டுமே அனுமதிக்கப்படும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

வன்னியில் இருப்பவர் மட்டுமே வலியுறுத்தக்கூடிய கோரிக்கைகள் சில உண்டு. தலைமையகத்தில் வேகமான இணைப்பில் இருப்பவருக்கு அவை நினைவுக்கு வரமாட்டா. மூடிலின் கைப்பேசிச் செயலி வேலை செய்வதற்கான சேவையைத் தள நிர்வாகி முழுத் தளத்துக்கும் இயக்கிவைக்க வேண்டும். அது அணைந்திருந்தால் பீடத்தால் ஒன்றும் செய்ய முடியாது. இயங்கினால், மாணவர் வளாகத்தின் வைபையில் இருக்கும்போதே விரிவுரைக் குறிப்புகளைத் தரவிறக்கிக்கொண்டு, வீட்டில் டேற்றா இல்லாமல் படிக்கலாம். நேர எல்லை இல்லாத பயிற்சிக் குவிஸ்களை இணைப்பே இல்லாமல் செய்து, இணைப்புக் கிடைத்ததும் ஒப்படைக்கவும் விரிவுரையாளர் இடமளிக்கலாம். 2020 இல் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான லேர்ன் ஊடாகப் பல்கலைக்கழகச் சேவையகங்களை மாணவர்கள் தரவுக் கட்டணமின்றி அணுக வழி செய்யப்பட்டிருந்தது நினைவிருக்கும். அந்தக் காலத்தில் 200 மெகாபைற் காணொளிகளைப் பாடப்பக்கத்தில் ஏற்றிப் பழகிய விரிவுரையாளர்கள், இன்று அந்தக் காணொளிக்குப் பணம் கொடுப்பவர் மாணவரே என்பதை மறந்துவிடுகிறார்கள். ஒரு கோப்பின் அளவுக்குத் தளம் முழுவதும் ஓர் உச்சவரம்பு வைப்பதைத் தலைமையகம் முன்மொழிந்தால் அதை ஆதரியுங்கள்.

ஒரே சேவையகத்தில் எல்லாப் பீடங்களும் சேரும்போது, ஒருவரின் பரீட்சை மற்றவரைப் பாதிக்கும். குவிஸ் என்பது சேவையகத்துக்குப் பாரமான வேலை. ஒரே நிமிடத்தில் நூற்றுக்கணக்கானோர் தொடங்குவார்கள், ஒவ்வொரு விடையும் தரவுத்தளத்தில் எழுதப்படும். திங்கட்கிழமை காலை 9 மணிக்கு மூன்று பீடங்கள் சேர்ந்து குவிஸ் வைத்தால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே பார்த்துவைக்க வேண்டும். பெரிய குவிஸ்களுக்கெனப் பொது நாட்காட்டி ஒன்றும், மேம்படுத்தல் வேலைகளுக்குப் பரீட்சைக் காலத்தில் தடையும் எழுத்தில் இருக்கட்டும்.

இந்தக் கோரிக்கைகளை யாரிடம், எந்த வழியாக வைப்பது என்பதும் முக்கியம். கணினி நிலையத்துக்கு நீங்கள் தனியாக எழுதினால், அது இரண்டு தொழில்நுட்ப உத்தியோகத்தர்களுக்கு இடையிலான பிணக்காகவே பார்க்கப்படும். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம், கற்பித்தலையும் பரீட்சைகளையும் நெறிப்படுத்தும் பொறுப்பை மூதவைக்கு (செனட்) கொடுத்திருக்கிறது. ஒரு பாடப்பக்கம் எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கப்பட வேண்டும், புள்ளிகளை யார் பார்க்கலாம், குவிஸ் நேரத்தை யார் நீட்டலாம் என்பவை எல்லாம் கல்வி சார்ந்த முடிவுகள். அவற்றைச் சேவையகத்தைப் பராமரிக்கும் அலகு தனியாகத் தீர்மானிக்கக் கூடாது. ஆகவே உங்கள் குறிப்பைப் பீடாதிபதி ஊடாகப் பீடச் சபைக்கும், அங்கிருந்து மூதவைக்கும் கொண்டு செல்லுங்கள். மறுப்பு என்ற தலைப்பில் போக வேண்டாம். ஒழுங்கு ஏற்பாடு என்ற தலைப்பில் போகட்டும்.

அதே குறிப்பில், தள நிர்வாகிகள் இருவர் மட்டுமே என்பதை நீங்கள் ஆதரிக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, எல்லாப் பீடங்களின் எல்லா மாணவர்களின் விவரங்களையும் திறந்து பார்க்கக்கூடியவர்களின் எண்ணிக்கை குறைவாக இருப்பதே சரி. முகாமையாளர் வகிபாகத்தில் வேறொருவராக உள்நுழைந்து பார்க்கும் அனுமதியும் இயல்பாகவே அடங்கியிருக்கும். உங்களுக்கு அந்த ஓர் அனுமதி வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டால், உங்கள் மற்றக் கோரிக்கைகளின் மதிப்புக் கூடும்.

பீடத்தின் பாடங்களின் காப்புப்பிரதிகளை ஒவ்வோர் அரையாண்டு முடிவிலும் பீடம் தன்னிடத்தில் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற ஒரு வரியும் அந்த ஏற்பாட்டில் இருக்க வேண்டும். பம்பைமடுவில் உள்ள வளாகம் 1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாக இருந்து, 2021 ஓகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. நிர்வாக எல்லைகள் மாறக்கூடியவை. அவ்வாறு மாறும் நாளில் பாடங்களும் கேள்வி வங்கிகளும் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய நிலையில் இருக்க வேண்டும்.

மாற்றத்தை அரையாண்டின் நடுவில் செய்ய ஒருபோதும் இடம்கொடுக்க வேண்டாம். இரண்டு அரையாண்டுகளுக்கு இடையிலான விடுமுறையில், முதலில் ஒரு துறையை மட்டும் நகர்த்திப் பாருங்கள். புதிய தளத்தின் பதிப்பு உங்களுடையதற்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். புதிய பதிப்பில் எடுத்த காப்புப்பிரதியைப் பழைய பதிப்பில் மீட்பதை நம்ப முடியாது. நகர்த்திய ஒவ்வொரு பாடத்திலும் மாணவர் எண்ணிக்கை, ஒப்படைக் கோப்புகள், புள்ளிப் பதிவேட்டின் மொத்தம் ஆகியவற்றைப் பழையதோடு ஒப்பிட்டு, உரிய விரிவுரையாளரிடம் கையொப்பம் வாங்குங்கள். துறை மட்டத்தில் பொதுவாக வைத்திருக்கும் கேள்விகள் முழுமையாக வந்தனவா என்று தனியே பாருங்கள். அவற்றை எக்ஸ்எம்எல் வடிவில் வேறாகவும் ஏற்றுமதி செய்து வைத்திருப்பது நல்லது. பழைய தளத்தை உடனே அணைத்துவிடாமல், வெளியிலிருந்து யாரும் அணுக முடியாதவாறு வளாக வலையமைப்புக்குள் மட்டும், பார்வையிடுவதற்கு மாத்திரம் வைத்திருங்கள். மீள்திருத்த விண்ணப்பங்களின் காலம் முடியும் வரையாவது அது தேவைப்படும்.

உங்கள் பதவியைப் பற்றிய கவலையைக் கடிதத்தில் வெளிப்படையாக எழுதவில்லை என்றாலும், அது வரிகளுக்கு இடையில் தெரிகிறது. சேவையகத்தைப் பார்க்கும் வேலை போய்விட்டால் உங்களுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்கக்கூடும். இதுவரை இந்தப் பணியை நீங்கள் கடமைப் பட்டியலில் இல்லாமலேயே செய்து வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால், இந்த மாற்றம் உங்களுக்குக் கிடைத்த நல்ல சந்தர்ப்பம். பீடத்தின் இணையவழிக் கற்றல் பொறுப்பாளர் என்று பெயர் குறிப்பிட்டு, பிரிவு மட்ட முகாமையாளர் வகிபாகம், விரிவுரையாளர் பயிற்சி, கடவுச்சொல் உதவி, தலைமையகத்தோடு மாதாந்தக் கூட்டம் ஆகியவற்றை உங்கள் கடமைப் பட்டியலில் சேர்க்குமாறும், உங்களுக்குப் பதிலாகச் செயற்பட இன்னொருவரைப் பெயரிடுமாறும் பீடாதிபதியிடம் எழுத்தில் கேளுங்கள். பீடச் சபையின் அடுத்த கூட்டத்துக்கான நிகழ்ச்சிநிரல் மூடப்படுவதற்கு முன் அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.